கடலுக்குள் ஒரு வேலி

என் நிலத்தில் பாதி கடலுக்குள் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அதற்கான கப்பம் மட்டும் கரையிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

என் பெயர் டில்லா. மியர்ஹாம் கடற்கரையில் உப்புக் காய்ச்சிப் பிழைக்கிறேன். எனக்கு இரண்டு ஈயத் தொட்டி, நாணல் வேய்ந்த ஒரு வீடு, ஒரு பசு, ஹில்டித் என்று ஒரு மனைவி. அவளை நான்காவதாகச் சொன்னது அவள் காதுக்குப் போகாமல் இருந்தால் நல்லது. இவை போக, என் அப்பா விட்டுப்போன, ஒரு ஏர் கட்டி உழுகிற அளவு நிலம் ஏட்டில் இருக்கிறது. தரையில் இருப்பது அதில் பாதிதான். மற்ற பாதியை ஒரு குளிர்காலப் புயலில் கடல் வந்து யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டது.

கேட்காமல் எடுப்பதில் கடலுக்கு அடுத்தபடியாக, கடல் தாண்டிக் கொள்ளையடிக்க வரும் டேனியர். முதல் தடவை அவர்கள் வந்தபோது நெருப்போடு வந்தார்கள். என் தம்பி ஹூனா அந்த வருடம்தான் செத்தான். கரையில் உட்கார்ந்து வலையை மடித்துக்கொண்டிருந்தவனைக் கோடாலியால் ஒரே வெட்டு வெட்டிவிட்டு, வலையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

ராஜாவின் ஆலோசகர்கள் மூன்று நாள் கூடிப் பேசினார்கள். வெள்ளி கொடுத்தால் டேனியர் போய்விடுவார்கள் என்று கண்டுபிடித்தார்கள். கொடுத்தார்கள், போனார்கள். அடுத்த வருடம் இன்னும் பத்துக் கப்பல் கூடுதலாக வந்தன. மறுபடியும் கொடுத்தார்கள், மறுபடியும் போனார்கள். தாங்கள் சொன்னது இரண்டு தடவை பலித்துவிட்டதில் ஆலோசகர்களுக்கு மகா சந்தோஷம். அன்றிலிருந்து இதை ஒரு முறையாகவே ஏற்படுத்திவிட்டார்கள்.

முறை என்றால் சாதாரண முறை இல்லை. கோடை தொடங்கும்போது டேனியர் வந்து இந்த வருடம் எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். குளிர் தொடங்கும்போது, புனித மார்ட்டின் நாளன்று, வாங்கிக்கொள்ள வருவார்கள். அன்றைக்கு எங்கள் மணியக்காரர் பெர்ட்வின் நீல மேலங்கி போட்டுக்கொள்வார். பாதிரியார் ஈட்னாத் தராசுக்குப் புனித நீர் தெளிப்பார். டேனியர் கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நாணயத்தையும் கத்தி முனையால் குத்திப் பார்ப்பார்கள். நல்ல வெள்ளி என்று அவர்கள் தலையாட்டினால் பெர்ட்வினுக்கு முகம் மலர்ந்துவிடும். டேனியர் எடைபோட்டு வாங்கிக்கொண்ட வெள்ளிதான் கட்டிய வெள்ளி. மற்றது கணக்கில் வராது. அன்று நடுப்பகலுக்குள் ஒருவன் தன் நிலத்துக்குக் கட்டாவிட்டால், வேறு எவன் கட்டுகிறானோ அவனுக்கே நிலம், வீடு, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் சொந்தம். இந்தக் கடைசி விதியால்தான் பெர்ட்வினின் மச்சான் பூகாவுக்கு இப்போது நான்கு வீடுகள் இருக்கின்றன.

ஒரு வருடம் டேனியர் இரண்டு நாள் தாமதமாக வந்தார்கள். பெர்ட்வின் கரையில் நடையாக நடந்தார். “பொறுப்பு கெட்ட ஜனங்க. நாம இங்க வெள்ளியை வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கோம்ங்கிற நினைப்பு வேண்டாமா?” என்று வருத்தப்பட்டார்.

அந்த நாளில் அவர் செய்கிற பிரசங்கம் எங்களுக்கு மனப்பாடம். “இதைக் கப்பம்னு சொல்றவன் நாக்கு அழுகிப்போகும்! கப்பம்னா பயந்து கொடுக்கிறது. நாம பயந்தா கொடுக்கிறோம்? அவங்க கத்தியை எடுக்கிறதுக்கு முன்னாடியே கொடுத்துடறோம். பயப்படறதுக்கு நேரமே கொடுக்கிறதில்லையே! எந்த ராஜ்யத்துலயாவது எதிரிக்கு இவ்வளவு ஒழுங்கா வெள்ளி போகுதா? டேனியனே ஆச்சரியப்படறான்.”

பத்து வருடமாக நான் இல்லாத நிலத்துக்கும் சேர்த்துக் கட்டிவந்தேன். முதலில் எருதுகள் போயின. பிறகு மாட்டுக் கொட்டகை, பிறகு ஹில்டித்தின் வெள்ளி ஊசி. இந்த வருடம் பசுவையும் உப்புத் தொட்டிகளையும் விட்டால் விற்க ஒன்றும் மிச்சமில்லை. பூகா ஒரு நாள் என் வீட்டுக்குள் வந்து, சுவருக்குச் சுவர் அடி எடுத்து வைத்து அளந்தான். அடுப்பைப் பார்த்து, “இதை இடிச்சிரணும். இங்க பன்றி கட்டலாம்” என்றான். ஹில்டித் சட்டியில் விலாங்கு கிண்டிக்கொண்டிருந்தாள்.

“இப்பவே ஒண்ணு வந்திருக்கு. இடம் பத்துமா பத்தாதான்னு அதையே கேட்டுக்கிறேன்” என்றாள்.

பூகா போனபிறகு கரண்டியை என் பக்கம் நீட்டினாள். “யோவ், மன்றத்துக்குப் போ. பாதி நிலம் கடல்ல கிடக்குன்னு சொல்லு. உனக்கு வாய் இருக்கா இல்லையா?”

எங்கள் மன்றம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை மேட்டிலிருக்கிற ஓக் மரத்தடியில் கூடும். நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஐயா, என் நிலத்துல பாதி கடல்ல போயிருச்சுங்க. மீதிக்கு மட்டும் போட்டீங்கன்னா கட்டிருவேன்.”

“போயிருச்சா? யார்கிட்டச் சொல்லிட்டுப் போச்சு?” என்றார் பெர்ட்வின்.

“கடல் எடுத்துக்கிச்சுங்க.”

“கடல் கையில பட்டயம் இருக்கா?”

“இல்லீங்க.”

“பட்டயம் இல்லாம ஒருத்தன் எடுத்துக்கிட்டா அதுக்குப் பேரு திருட்டு. திருட்டுப்போன பொருளுக்குச் சொந்தக்காரன் யாரு? நீதான். அப்ப வெள்ளி யார் கட்டணும்?”

இதில் எங்கே தப்பு என்று நான் யோசித்து முடிப்பதற்குள், பன்னிரண்டு சாட்சிகளைக் கொண்டுவந்து சத்தியம் செய்யச் சொல்லலாம் என்று சலுகை கொடுத்தார். ஓடினேன். உப்புக் காய்ச்சுகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள் என்று பன்னிரண்டு பேரைக் கூட்டிவந்தேன். அத்தனை பேரும் என் வயல் கடலுக்குள் சரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். வரிசையாகச் சத்தியம் செய்தார்கள். பெர்ட்வின் பொறுமையாகக் கேட்டுவிட்டு விரல் மடக்கினார்.

“ஒரு பெரிய மனுஷன் சத்தியம் ஆறு சாதாரண ஆள் சத்தியத்துக்குச் சமம். அப்ப உன் பக்கம் ரெண்டே பேரு. என் பக்கம் பன்னெண்டு பெரிய மனுஷங்க இருக்காங்க.”

“அவங்க யாரும் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லையே ஐயா.”

“அதனாலதான் அவங்க நடுநிலை.”

ஆனாலும் முறை முறைதான் என்பதால், எல்லையை நடந்து பார்த்துவிட்டுச் சத்தியம் செய்வது என்று முடிவாயிற்று. அந்த வாரமே எல்லை நடை வைத்தார்கள். முன்னால் பாதிரியார் ஈட்னாத், ஒரு கையில் புனித வின்னாவின் விரல் எலும்பு இருந்த பெட்டி, மறு கையில் என் அப்பாவின் பட்டயம். பின்னால் பெர்ட்வின். அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பெரிய மனிதர்களும் அவர்களுக்கான தேன்மது பீப்பாயும். பீப்பாயின் செலவு என்னுடையது.

“வளைந்த முள்மரத்திலிருந்து நரிவளை வரை” என்று ஈட்னாத் படித்தார். நடந்தோம். “நரிவளையிலிருந்து சாம்பல் கல் வரை.” நடந்தோம். “சாம்பல் கல்லிலிருந்து கிழக்கே பழைய கொட்டகை வரை, முந்நூறு அடி” என்று படித்துவிட்டு ஈட்னாத் நின்றார். சாம்பல் கல்லில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கிழக்கே டென்மார்க் வரைக்கும் தண்ணீர்.

பன்னிரண்டு பெரிய மனிதர்களும் தண்ணீரைப் பார்த்தார்கள். எனக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை வந்தது. கண்ணுள்ளவர்கள்தானே!

அப்போது பழைய கொட்டகை இருந்த இடத்தில் ஒரு கடல்நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

“அதோ, கொட்டகைப் பக்கம் யாரோ இருக்காங்களே” என்றார் பெர்ட்வின்.

“ஐயா, அது கடல்நாய்ங்க.”

“குடியிருப்பு இருக்குன்னு எழுதிக்குங்க” என்று ஈட்னாத்திடம் சொன்னார். பிறகு காலணியைக் கழற்றி, கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று, காலால் துழாவினார். “கீழ மண்ணு இருக்கு. நிலம்னா மண்ணுதானே? கொஞ்சம் ஈரமா இருக்கு, அவ்வளவுதான். இந்த வருஷம் மழை ஜாஸ்தி.”

பன்னிரண்டு பெரிய மனிதர்களும் எலும்புப் பெட்டியைத் தொட்டு, அது நிலம்தான் என்று சத்தியம் செய்தார்கள். பன்னிரண்டாமவருக்கு அலை வந்து முழங்காலை நனைத்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு சத்தியம் செய்தார். ‘ஈர வயல்’ என்று தோலில் எழுதிச் சிலுவைக் குறி போட்டு என் கையில் கொடுத்தார்கள். அடுத்த மார்ட்டின் நாள் நடுப்பகலுக்குள் ஒரு ஏருக்கும் முழுக் கப்பம். இல்லாவிட்டால் பூகா கட்டுவான். என் வீட்டில் பன்றி கட்டுவான்.

கோடை பிறந்தது. டேனியர் பத்தொன்பது கப்பலில் வந்தார்கள். ஸ்டைனார் என்று ஒரு காது இல்லாதவன் அவர்களுக்குத் தலைவன். அவன் இந்த வருடத் தொகையைச் சொன்னான். பெர்ட்வின் நன்றி சொன்னார். போகாமல் ஒன்பது நாள் நங்கூரம் போட்டுத் தங்கினார்கள். எங்கள் ஓடைக்குள் நுழைய ஆழமான வழி ஒன்றே ஒன்றுதான். இருபுறமும் ஆளை விழுங்கும் சேறு. அந்த வழி என் முங்கிப்போன வயலின் மேல்தான் போகிறது. எனவே அங்கேயேதான் நின்றார்கள்.

நான் பசுவை விற்பதா, ஈயத் தொட்டியை விற்பதா, இரண்டையும் விற்றாலும் போதாதே என்று வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஹில்டித் இடுப்பில் கை வைத்துக் கடலைப் பார்த்தாள்.

“யோவ், அந்தக் கப்பலெல்லாம் எங்க நிக்குது?”

“கடல்ல.”

“பன்னெண்டு பெரிய மனுஷங்க எலும்பைத் தொட்டுச் சத்தியம் பண்ணியிருக்காங்க. நீ ஒருத்தன் மட்டும் கடல்ங்கிறே. அது நம்ம கோதுமை வயல்யா.”

“சரி, வயல்ல நிக்குது.”

“யாரைக் கேட்டு நிக்குது?”

அடுத்த மன்றத்தில் மறுபடியும் போய் நின்றேன். இந்தத் தடவை தொப்பியைக் கழற்றவில்லை. காரணம் வீரம் இல்லை, தோலாவணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அடுத்தவன் மாடு நம் பயிரில் இறங்கினால், மாட்டைப் பட்டியில் அடைத்து இழப்பீடு வாங்கித் தருவது மணியக்காரர் கடமை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

“ஐயா, என் வயல்ல பத்தொன்பது கப்பல் இறங்கிருச்சு. பிடிச்சுப் பட்டியில அடைச்சுக் கொடுங்க.”

ஓக் மரத்தடியில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பெர்ட்வின் சிரிக்கவில்லை. கடல் என்று சொன்னால் பன்னிரண்டு சத்தியமும் பொய். நிலம் என்று சொன்னால், போய் டேனியன் கப்பலைப் பிடிக்க வேண்டும். அவர் நெற்றியில் வியர்வை வந்தது. அவர் வியர்த்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். மனசுக்கு இதமாக இருந்தது.

ஈட்னாத் அவர் காதில் ஏதோ சொன்னார். பெர்ட்வினின் முகம் தெளிந்தது.

“வயலுக்கு வேலி இருந்துச்சா?”

“வேலியா?”

“வேலி போடாத வயல்ல மாடு மேஞ்சா இழப்பீடு கிடையாது. இதுவும் சட்டம்தான். தப்பு உன்மேல! வேலி இல்லாத நிலத்தைத் திறந்து போட்டு, பாவம், விருந்தாளிங்களைச் சட்டத்தை மீற வச்சிருக்கே. போய் வேலி போட்டுட்டு வா.” அவருக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. எழுந்து நின்று, உத்தரவாகவே எழுதச் சொன்னார்.

“டில்லா என்பவன் தன் ஈர வயலைச் சுற்றிலும், மாடு தாண்டாத, பன்றி நுழையாத வேலியொன்றை மார்ட்டின் நாளுக்கு முன் அமைக்கக் கடவன். தவறினால் உரிய வெள்ளியோடு அபராதமும் சேர்த்துக் கட்டக் கடவன். வேண்டிய மரத்தை ராஜாவின் காட்டில் வெட்டிக்கொள்ளலாம். அவ்வேலியைப் பிடுங்குபவர், எவராயினும், ராஜ தண்டனைக்கு உள்ளாவர்.”

மன்றமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பூகாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

ஹில்டித் தோலாவணத்தை வாங்கினாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று என்னை மூன்று தடவை சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது அவள் கோடாலிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள்.

ராஜாவின் காட்டில் ஓக் மரங்களை வெட்டினோம். காவல்காரன் ஓடிவந்தான், உத்தரவைக் காட்டினோம். இரண்டு ஆள் உயரத்துக்கு மேலான கழிகளை இழுத்துவந்து, கடல் வற்றுகிற நேரத்தில் சேற்றில் நட்டு, பெரிய மரச்சம்மட்டியால் அடித்து இறக்கினோம். முதல் வாரம் நானும் ஹில்டித்தும் மட்டும். ஊர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. இரண்டாவது வாரம், எனக்காகச் சத்தியம் செய்த பன்னிரண்டு பேரும் வந்தார்கள். அவர்களில் பலருக்கும் ஈர வயல்கள் இருந்தன. ஒருவனுக்கு வயலே கிடையாது. டேனியர் கொண்டுபோன ஒரு மகள் இருந்தாள். அவன்தான் யாரையும்விட ஆழமாக அடித்தான். அறுவடை முடிந்ததும் பக்கத்து ஊர்க்காரர்களும் சம்மட்டியோடு வந்துவிட்டார்கள்.

நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கப்பல் போகிற ஆழமான வழியில் மட்டும் நாற்பதடி திறப்பு விட்டேன். எதற்கு வம்பு என்று நினைத்தேன்.

இலையுதிர் காலத்தில் வேலியைச் சோதிக்கப் பூகா ஒரு படகில் வந்தான். நான் தோற்றால் அவனுக்கு வீடு. கழிகளை ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. சுற்றிவந்து திறப்பைக் கண்டதும் துள்ளினான்.

“இது என்னடா?”

“கப்பல் போறதுக்குங்க.”

“உத்தரவுல கப்பல்னு இருக்கா? மாடு தாண்டாத, பன்றி நுழையாதன்னுதான் இருக்கு. இந்த ஓட்டையில பன்றி என்ன, யானையே போகும். இது வேலியே இல்ல. மார்ட்டின் நாளுக்குள்ள இதை அடைக்கலேன்னா அபராதம்!”

நான் வாயைத் திறந்தேன். ஹில்டித் என் காலை மிதித்தாள்.

“அடைச்சிடறோம் ஐயா. நீங்க சொன்னா மறுபேச்சு உண்டா?” என்றாள். அவ்வளவு பணிவை அவளிடம் நான் கல்யாணத்தன்றுகூடக் கண்டதில்லை. பூகாவின் படகு போனதும் என் பக்கம் திரும்பினாள். “திறப்புல நடற கழிக்கெல்லாம் நுனியைச் சீவு.”

“எதுக்கு?”

“மாடு தாண்டாம இருக்க.”

கழிகளின் முனை, கடல் ஏறும்போது தண்ணீருக்கு ஒரு முழம் கீழே இருக்கும்படி அடித்தோம். மேலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர்.

மார்ட்டின் நாள் வந்தது. கரையில் மேசை, மேசைமேல் வெள்ளிப் பெட்டி, பக்கத்தில் புனித நீர் தெளித்த தராசு. ஈட்னாத் நிழல் பார்க்க ஒரு குச்சியை மணலில் நட்டிருந்தார். பூகா என் நிலத்துக்கான வெள்ளியைப் பையில் கட்டி, கையில் ஆட்டிக்கொண்டு நின்றான். மன்றத்து ஜனங்கள் முந்நூறு பேருக்கு மேல் இருந்தோம். வைக்கோல் வாரியும் உப்புக் கிளறும் கழியும் எல்லோர் கையிலும் எப்படி வந்தன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

கடல் முழுதாக ஏறியிருந்தது. பத்தொன்பது கப்பல்களும் துடுப்பை வீசிக்கொண்டு வந்தன. பெர்ட்வின் மேலங்கியைச் சரிசெய்து, “பெருந்தன்மை என்பது...” என்று ஆரம்பித்தார்.

முதல் கப்பல் தண்ணீருக்குள் எதையோ முட்டி, மூக்கைத் தூக்கி, அப்படியே நின்றது. மரம் கிழிகிற சத்தம் கரை வரைக்கும் கேட்டது. இரண்டாவது அதன் பின்புறத்தில் மோதிச் சாய்ந்தது. மூன்றாவது திரும்பப் பார்த்துப் பக்கவாட்டில் கழிகளின் மேல் ஏறி உட்கார்ந்தது. மற்ற பதினாறும் அலறிப் பின்வாங்கின. வேறு பக்கம் போகலாம் என்றால் இருபுறமும் சேறு.

பெர்ட்வின் பிரசங்கத்தைப் பாதியில் விட்டார். பிறகு கடலை நோக்கிக் கையை ஆட்டினார். “வாங்க! வெள்ளி தயாரா இருக்கு! இங்கதான் இருக்கு!”

அவர்கள் வரவில்லை. குச்சியின் நிழல் குறுகிக்கொண்டிருந்தது. “நேரமாகுது மச்சான்!” என்று பூகா கத்தினான். பெர்ட்வின் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு.

“பயப்படாமப் போங்க ஐயா! நிலம்தானே, கொஞ்சம் ஈரமா இருக்கும்” என்று ஹில்டித் குரல் கொடுத்தாள்.

தண்ணீர் மோவாயைத் தொட்டதும் திரும்பி வந்தார். மேலங்கி காலைச் சுற்றியிருந்தது. என்மேல் பாய்ந்தார்.

“பிடுங்குடா அந்த வேலியை!”

“ராஜ தண்டனைங்க ஐயா.”

“அறிவு இருக்காடா உனக்கு? கடல்ல எவனாவது வேலி போடுவானா?”

பன்னிரண்டு பெரிய மனிதர்களும் அவரையே பார்த்தார்கள். பொய்ச் சத்தியம் செய்தவனுக்குக் கோயில் மண்ணில் குழிகூடக் கிடையாது.

“கடல்னு சொன்னீங்களா ஐயா?” என்றேன். தோலாவணத்தை உயரத் தூக்கிப் பிடித்தேன். “சத்தமாச் சொல்லுங்க. பாதிரியார் எழுதிக்கட்டும். கடல்னா பத்து வருஷக் கப்பத்தைத் திருப்பிக் கொடுங்க. நிலம்னா என் வேலியில கை வைக்காதீங்க.”

பெர்ட்வின் பன்னிரண்டு பேரையும் பார்த்தார், எலும்புப் பெட்டியைப் பார்த்தார். மேலங்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“நிலம்தான்” என்றார் மெல்ல. “ரொம்ப ஈரம்.”

ஈட்னாத் குச்சியைப் பிடுங்கினார். நடுப்பகல் தாண்டிவிட்டது. டேனியன் யார் வெள்ளியையும் எடைபோட்டு வாங்கவில்லை; என் நிலம் என்னிடமே நின்றது. பூகா பையை இன்னும் ஆட்டிக்கொண்டுதான் இருந்தான், ஆனால் மெதுவாக.

பெர்ட்வின் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார். “புரியாம ஆடறீங்கடா! வெள்ளி கொடுக்கலேன்னா டேனியன் ஊருக்குள்ள வந்துருவான்!”

“வர முடியாமத்தானே ஐயா அங்க நின்னு கத்தறான்” என்றாள் ஹில்டித்.

கடல் வற்றத் தொடங்கியதும் பதினாறு கப்பல்களும் கிளம்பிப் போய்விட்டன. மூன்று மட்டும் என் வயலில், வேலியில் மாட்டி, சேற்றில் சாய்ந்து கிடந்தன. தொண்ணூறு பேர் தொடை வரைக்கும் புதைந்து நின்றார்கள். சுற்றிலும் நாங்கள்.

“உங்க ஊரைக் கொளுத்திருவேன்!” என்று ஸ்டைனார் கத்தினான்.

“மொதல்ல காலை எடு” என்றாள் ஹில்டித்.

அவன் கையில் கோடாலி இருந்தது. ஹூனாவை வெட்டியது அதுதானா, வேறொன்றா, எனக்குத் தெரியாது. என் கை துறுதுறுத்தது. ஆனால் பட்டியில் அடைத்த மாட்டைக் கொல்லக் கூடாது என்பது சட்டம். அன்றைக்குச் சட்டம் முழுக்க என் பக்கம் இருந்தது. ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

“என் வயல்ல இறங்கியிருக்கே. வழக்கு இருக்கு. ஈடு வச்சுட்டுப் போ. கோடாலி, வாள், ஈட்டி, எல்லாத்தையும் வேலியோரமாப் போடு. வழக்கு முடிஞ்சதும் வந்து வாங்கிக்க.”

சேறு இடுப்புக்கு ஏறும்வரை யோசித்தான். பிறகு போட்டான். கடல் மறுபடி ஏறியபோது, ஓட்டை அடைத்த இரண்டு கப்பல்களில் தொண்ணூறு பேரும் ஒருவர்மேல் ஒருவராக உட்கார்ந்து துடுப்புப் போட்டுப் போனார்கள். மூன்றாவது கப்பலின் பலகையில் எங்கள் ஊரில் நான்கு கதவுகள் செய்தோம்.

வழக்கு இன்னும் நடக்கிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஓக் மரத்தடியில் ஸ்டைனாரின் பெயரை மூன்று தடவை கூப்பிடுகிறார்கள். ஆள் வராததால் ஒத்திவைக்கிறார்கள். ஈடாக வாங்கியவை எங்கள் வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன. வாரம் ஒருமுறை எண்ணெய் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், துருப்பிடிக்காமல் இருக்க, கொஞ்ச நேரம் வீசிப் பார்க்கிறோம். பக்கத்து ஊர்களிலிருந்து ஈர வயல்காரர்கள் வந்து, வேலிக்குக் கழி எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும் என்று கேட்டுப்போகிறார்கள்.

போன வாரம் பெர்ட்வினிடமிருந்து புது ஆவணம் ஒன்று வந்தது. என் வேலி பட்டயத்தில் உள்ளதைவிடப் பத்தடி வெளியே போயிருக்கிறதாம். கூடுதல் நிலத்துக்குக் கூடுதல் கப்பமாம்.

வந்து அளந்துகொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நன்றாகக் கடல் ஏறின நேரமாகப் பார்த்து வரச் சொன்னேன்.